விருந்தாய் வரும் அறிவு

நுழையும்முன்

புதியோரை இன்முகத்தோடு ஏற்பது தமிழர் வாழ்வில் தொன்றுதொட்டு வரும் பண்பு. வீட்டுத் திண்ணையில் தொடங்கிய அப்பண்பு, அறிஞர் கூடும் அவையிலும் தொடர்கிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வேதியியல் அறிஞர்கள் ஓரிடத்தில் கூடும்போது அவர்களை வரவேற்பது எப்படி? அவ்வரவேற்பு அறிவியலின் வளர்ச்சிக்கு எவ்வகையில் துணைநிற்கிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை. வரவேற்புரை ஆற்றும் முறையும் இதில் விளக்கப்படுகிறது.

விருந்து என்னும் சொல்

'விருந்து' என்றவுடன் இக்காலத்தில் வாழையிலையும் பாயசமும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அச்சொல்லின் முதற்பொருள் உணவன்று; புதுமை என்பதே அதன் பழைய பொருள். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய எண்வகை வனப்புகளைக் கூறுமிடத்து, புதுவதாகப் பாடப்படும் செய்யுளின் வனப்பை 'விருந்து' என்றே குறிக்கிறார். புதுமையைக் குறித்த சொல், பின்னர்ப் புதிதாக வந்த மனிதரைக் குறித்தது. அதன்பின் அவருக்குப் படைக்கப்படும் உணவையும் குறிக்கலாயிற்று.

உறவினரைப் பேணுவது வேறு. விருந்தினரைப் பேணுவது வேறு. முன்பின் அறியாத ஒருவர், தமக்குப் பழக்கமில்லாத ஊருக்கு வந்து நிற்கிறார். அவருடைய தயக்கத்தைப் போக்குவதே விருந்தோம்பலின் உயிர். திருவள்ளுவர் இல்லறவியலில் விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே வகுத்தார்.

மாநாட்டிற்கு வரும் பேராளர்களுக்கு இச்சொல்லின் இருபொருளும் பொருந்தும். அவர்கள் புதியவர்கள், புதிய கருத்தையும் உடன்கொண்டு வருகிறார்கள். வந்தவரை வரவேற்று, அவர் கொண்டுவந்த கருத்தைப் புறந்தள்ளும் அவை பாதி விருந்தையே ஓம்பியதாகும்.

அவையை மதித்த மரபு

அறிவுடையோர் கூடி உரையாடும் இடங்கள் பழந்தமிழகத்தில் இருந்தன. புகார் நகரில் இந்திர விழா நடைபெற்றபோது, பல்வேறு சமயக் கொள்கையினரும் பட்டிமண்டபம் ஏறித் தத்தம் கருத்தை எடுத்துரைக்க அழைக்கப்பட்டதைச் சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையில் காட்டுகிறார். மாறுபட்ட கருத்துடையோரும் ஒரே மண்டபத்தில் இடம்பெற்றனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

அரண்மனையில் முரசு வைக்கும் கட்டில் புனிதமானது. அதில் ஏறுவது பெருங்குற்றம். அதனை அறியாமல் மோசிகீரனார் என்னும் புலவர் அக்கட்டிலில் படுத்து உறங்கிவிட்டார். சினம் கொள்ள வேண்டிய சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, அவர் விழித்தெழும்வரை கவரி வீசினான். விதியை அறியாத விருந்தினரின் பிழையைப் பெரிதுபடுத்தாமல் அவருடைய களைப்பைப் பார்த்த பெருந்தன்மைக்கு இந்நிகழ்ச்சி சான்று. அறிவாளரை ஏற்கும் ஒவ்வோர் அவைக்கும் இப்பெருந்தன்மை தேவைப்படுகிறது.

வேதியியலின் முதல் உலகக் கூட்டம்

வேதியியலுக்கென்று உலக அளவில் கூடிய முதல் மாநாடு, 1860 செப்டம்பர் 3, 4, 5 ஆகிய நாள்களில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடைபெற்றது. அம்மாநாட்டைக் கூட்டுவதற்கு ஒரு குழப்பமே காரணம். அணு எது, மூலக்கூறு எது என்பதில் அக்கால வேதியியலாரிடையே ஒத்த கருத்து இல்லை. ஒரே பொருளை ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு வாய்பாட்டால் எழுதியது. அசிட்டிக் அமிலத்திற்கு வழங்கிவந்த 19 வகை வாய்பாடுகளை, கெக்குலே என்னும் அறிஞர் தம் பாடநூலில் ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டினார். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துப் புரிந்துகொள்வதே அரிதாயிற்று.

இந்நிலையை மாற்ற எண்ணிய கெக்குலே, பாரிசு நகரின் உர்ட்சு, கார்ல்ஸ்ரூவின் வெல்ட்சீன் ஆகியோருடன் இணைந்து அழைப்பு விடுத்தார். ஏறத்தாழ 140 வேதியியலார் பல நாடுகளிலிருந்து வந்தனர். ஊருக்குரியவர் என்ற முறையில் வெல்ட்சீன் அவர்களை வரவேற்றார். நாட்டாலும் மொழியாலும் வேறுபட்டோர், ஓர் அறிவியலின் மீது கொண்ட ஈடுபாட்டால் ஒன்றுபட்டுக் கூடியிருப்பதை அவர் தம் உரையில் சுட்டினார். வேதியியல் உலகின் முதல் வரவேற்புரை என்று அதனைக் கொள்ளலாம்.

மூன்று நாள் வாதத்திற்குப் பின்னும் முடிவு எட்டப்படவில்லை. அறிவியல் உண்மையை வாக்கெடுப்பால் தீர்மானிக்க இயலாது என்ற கருத்தே மேலோங்கியது. அம்மாநாடு தோற்றுவிட்டது என்று அன்று பலரும் நினைத்திருக்கக்கூடும்.

ஆனால் இத்தாலியிலிருந்து வந்த கன்னிசாரோ என்னும் 34 வயது ஆசிரியர், அவகாட்ரோ 1811ஆம் ஆண்டிலேயே கூறிய கருதுகோளை முன்வைத்து, அணுநிறைகளைக் கணக்கிடும் வழியை அவையில் விளக்கியிருந்தார். தம் மாணவர்களுக்காக அவர் எழுதிய சிறுநூலின் படிகள், மாநாடு முடிந்து புறப்பட்டோருக்கு வழங்கப்பட்டன. அப்படியைப் பெற்றவருள் ஒருவர் லோதர் மேயர். அதனைப் படித்தபோது தம் ஐயங்கள் நீங்கித் தெளிவு பிறந்ததாக அவர் பின்னாளில் பதிவுசெய்தார். அவையில் அமர்ந்து செவிமடுத்த மற்றோர் இளைஞர், 26 வயதான ரஷ்யர் மெண்டலீவ். அவர் 1869ஆம் ஆண்டில் தனிம வரிசை அட்டவணையை வெளியிட்டார். திருத்தமான அணுநிறைகள் கிடைத்திராவிடில் தனிமங்களை அவ்வாறு வரிசைப்படுத்தியிருக்க இயலாது.

பெரும்பெயர் பெற்றோர் நிறைந்த அவையில், புகழ் பெறாத ஒருவருக்குப் பேச இடம் தரப்பட்டது. இளைஞர் ஒருவருக்கு அமர்ந்து கேட்க இருக்கை கிடைத்தது. கார்ல்ஸ்ரூவின் பயன் இவ்விரண்டிலும் அடங்கியுள்ளது.

தெரிந்து தெளிவோம்

நீர் ஒன்று, வாய்பாடு இரண்டு
ஆக்சிஜனின் அணுநிறையை 8 என்று கொண்டோர், ஓர் ஆக்சிஜன் அணுவுடன் ஒரு ஹைட்ரஜன் அணு சேர்ந்து நீர் உண்டாவதாக எழுதினர். அதனை 16 என்று கொண்டோர், ஓர் ஆக்சிஜன் அணுவுடன் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்வதாக எழுதினர். இருவரும் எடுத்துக்கொண்டது ஒரே நீரைத்தான். இருவருடைய நிறைக்கணக்கிலும் 8 பங்கு ஆக்சிஜனுக்கு 1 பங்கு ஹைட்ரஜன் என்னும் விகிதம் மாறவில்லை. இரண்டாவது வாய்பாடே சரியானது என்பது அவகாட்ரோவின் கருதுகோளை ஏற்ற பின்னரே உறுதிப்பட்டது.

சென்னையில் முளைத்த எண்ணம்

இந்தியாவில் அறிவியல் அறிஞர் அனைவரும் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூட வேண்டும் என்ற எண்ணத்தை முன்னெடுத்தவர்கள் இருவர். இருவரும் வேதியியல் பேராசிரியர்கள். ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய சைமன்சன். மற்றவர் லக்னோ கேனிங் கல்லூரியைச் சேர்ந்த மக்மகோன். தொலைவிலுள்ள கல்லூரிகளில் தனித்தனியே உழைத்தோர், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாதிருந்த காலம் அது. பிரித்தானிய அறிவியல் மேம்பாட்டுக் கழகம் ஆண்டுதோறும் வெவ்வேறு ஊர்களில் கூடுவதைப் போன்று இந்தியாவிலும் கூட்டம் நடைபெற்றால் இத்தனிமை நீங்கும் என்று அவர்கள் கருதினர்.

அவர்தம் முயற்சியால் இந்திய அறிவியல் மாநாட்டின் முதற்கூட்டம் 1914 ஜனவரி 15 முதல் 17 வரை கொல்கத்தா ஆசியவியல் கழகத்தில் நடைபெற்றது. கொல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி தலைமை தாங்கினார். 105 அறிஞர்கள் வந்தனர். 35 ஆய்வுக் கட்டுரைகள் படிக்கப்பட்டன. வகுக்கப்பட்ட ஆறு பிரிவுகளுள் வேதியியலும் ஒன்று. அடுத்த ஆண்டே, 1915இல், பேராளர்களை வரவேற்கும் வாய்ப்பைச் சென்னை பெற்றது. எண்ணம் பிறந்த ஊருக்கே மாநாடு விருந்தாக வந்தது எனலாம்.

இந்திய வேதியியலின் தந்தை எனப் போற்றப்படும் பிரபுல்ல சந்திர ராய், 1920ஆம் ஆண்டு நாகபுரியில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிற்குத் தலைமை வகித்தார். 1924இல் இந்திய வேதியியல் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவரும் அவரே. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1999இல் தொடங்கப்பட்ட இந்திய வேதியியல் ஆராய்ச்சிக் கழகம், தேசிய வேதியியல் கருத்தரங்குகளைப் பல ஊர்களில் நடத்திவருகிறது. 105 பேருடன் தொடங்கிய மரபு இவ்வாறு கிளைவிட்டுப் படர்ந்துள்ளது.

மொழியும் ஒரு வாயில்

அவைக்குள் நுழைவதற்கு மண்டபத்தின் வாயில் திறந்திருந்தால் மட்டும் போதாது. மொழியின் வாயிலும் திறந்திருக்க வேண்டும். இதனை உணர்ந்தோர் தமிழில் வேதியியலை எழுத முற்பட்டனர். யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் கிறீன், தமிழில் மருத்துவ, அறிவியல் நூல்கள் வெளிவரக் காரணமானார். அவருடைய முயற்சியில் 1875இல் வெளிவந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'.

1916இல் சேலத்தில், இராஜாஜி முதலானோர் தமிழ்க் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினர். வேதியியலைப் பொதுமக்களுக்கு எளிமையாகச் சொல்ல விரும்பிய இராஜாஜி, தாம் எழுதிய நூலுக்குத் 'திண்ணை ரசாயனம்' என்று பெயரிட்டார். வழிப்போக்கர் எவரும் கேளாமலே அமர்ந்து இளைப்பாறும் இடம் திண்ணை. அறிவியலும் அவ்வாறு எல்லாருக்கும் இடமளிக்க வேண்டும் என்னும் விழைவை அப்பெயரே உணர்த்துகிறது.

திருநெல்வேலிச் சீமைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. நெல்லையிலிருந்து இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சொல்லாக்க மாநாட்டைக் கூட்டியது. இலங்கையின் காரைதீவில் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே பெற்ற விபுலானந்த அடிகள் அதற்குத் தலைமை தாங்கினார். அறிவியல் அறிஞரும் தமிழறிஞரும் ஒரே அவையில் அமர்ந்து, சொல் சொல்லாக ஆராய்ந்தனர். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்களின் தொகுப்பு 1938இல் வெளிவந்தது. அமிலம், காரம், வினையூக்கி என்று இன்றைய மாணவர் தயக்கமின்றி எழுதும் சொற்களுக்குப் பின்னால் இத்தகைய அவைகள் பலவற்றின் உழைப்பு நிற்கிறது.

சிற்றூர்கள் திறந்த கதவு

பெருநகரங்களே அறிவியல் அறிஞரை ஏற்கத் தகுந்தவை என்று எண்ணுவோர் உளர். தமிழகத்துச் சிற்றூர்கள் அவ்வெண்ணத்தை மாற்றிக் காட்டியுள்ளன. இந்தியா விடுதலை பெற்றபின் தேசிய ஆய்வகங்களை அமைக்கும் பணி தொடங்கியது. மின்வேதியியலுக்கென ஓர் ஆய்வகம் அமையவிருப்பதை அறிந்த வள்ளல் அழகப்பர், அதனைக் காரைக்குடிக்கு அழைத்தார். அழைப்பு வெறுஞ்சொல்லாக இல்லை. 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, அந்நாளைய குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைத் திறந்துவைத்தார். செட்டிநாட்டின் வறண்ட மண்ணுக்கு அன்றுமுதல் உலகெங்கும் உள்ள மின்வேதியியலார் விருந்தினராக வந்துகொண்டிருக்கின்றனர்.

2007 ஜனவரியில் 94ஆவது இந்திய அறிவியல் மாநாடு சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் நடைபெற்றது. பிரதமர் மன்மோகன் சிங் அதனைத் தொடங்கிவைத்தார். ஓர் ஊரின் பரப்பைவிட அதன் முயற்சியே அறிஞரை ஈர்க்கிறது என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகும்.

ஊரே ஆய்வுக்கூடம்

வேதியியல் மாநாடு ஒன்று தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரில் கூடுவதாகக் கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கருப்பாநதி அணைக்கு அண்மையில், கைத்தறி நெசவால் பெயர்பெற்ற ஊர் அது. ஆய்வகக் கருவிகளை எங்கும் காணலாம். ஊருக்கே உரிய வேதியியலை அங்கு மட்டுமே காண இயலும். பேராளர்களுக்கு அவ்வூர் காட்டத்தக்கவை யாவை?

முதலாவது, சாயம் ஏற்றும் தொழில். அவுரிச் சாயம் நீரில் கரையாது. காரக் கரைசலில் ஆக்சிஜன் ஒடுக்கம் செய்தால் நிறம் மாறிக் கரைகிறது. அந்நிலையில் நூலிழைக்குள் புகுகிறது. நூலை வெளியே எடுத்துக் காற்றில் விரித்ததும் ஆக்சிஜனேற்றம் அடைந்து மீண்டும் நீலமாகி, கரையாத நிலையில் இழைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இதனால்தான் துவைத்தாலும் சாயம் எளிதில் போவதில்லை. வகுப்பறையில் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையாகப் படிப்பதைச் சாயத்தொழிலாளி தம் கைப்பழக்கத்தால் அறிந்திருக்கிறார்.

இரண்டாவது, பனையேறிகளின் அறிவு. பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசப்படுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை நொதித்தலைத் தடுப்பதால் பதநீர் கள்ளாக மாறுவதில்லை. அதனைக் காய்ச்சினால் கருப்பட்டி கிடைக்கிறது.

இன்னும் சற்றுத் தொலைவு சென்றால், கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழிலைக் காணலாம். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் உரசும் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரசும் தனித்தனியே இருக்கின்றன; உரசும்போது மட்டுமே அவை சந்தித்துத் தீப்பற்றுகின்றன. பிரித்து வைப்பதே அங்குப் பாதுகாப்பு. தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீர் பாத்தி பாத்தியாக ஆவியாகிறது. கால்சியம் உப்புகள் முன்னரே படிந்துவிட, அடுத்துச் சோடியம் குளோரைடு படிகமாகிறது. மக்னீசியம் உப்புகள் எஞ்சிய நீரில் தங்குகின்றன. பின்னப் படிகமாக்கல் என்னும் பாடத்தைக் கதிரவனே நடத்தும் வகுப்பு அது.

இவற்றைக் காட்டும்போது இரு பயன்கள் விளைகின்றன. வந்தோர் தம் ஆய்வுக்குரிய புதிய வினாக்களைப் பெறுகின்றனர். சாயக்கழிவு நீரைத் தூய்மையாக்குவது அவற்றுள் ஒன்று. ஊராரோ தம் அன்றாடத் தொழிலில் அறிவியல் உறைவதைக் கண்டு பெருமிதம் கொள்கின்றனர்.

வரவேற்பின் ஒழுங்கு

மாநாட்டு வரவேற்பு, மேடையில் தொடங்குவதில்லை. அழைப்பு மடல் எழுதும்போதே அது தொடங்கிவிடுகிறது. ஊருக்கு வரும் வழி, தொடர்வண்டி நிலையத்திலிருந்து உள்ள தொலைவு, தங்குமிடம், உணவு முறை ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நிலையத்தில் ஒருவர் பெயர்ப்பலகையுடன் நிற்பது, மொழி தெரியாத ஊரில் இறங்குவோருக்குப் பேருதவி.

பதிவு செய்யும் மேசையில் பெயர் அட்டை, நிகழ்ச்சி நிரல், ஆய்வுச் சுருக்கங்களின் தொகுப்பு, குறிப்பேடு ஆகியன வழங்கப்படும். பெயரைப் பிழையின்றி எழுதுவது முதல் மரியாதை. கைப்பையின் அழகைவிட அதனுள் இருக்கும் ஆய்வுச் சுருக்கங்களின் தெளிவு இன்றியமையாதது. கார்ல்ஸ்ரூவில் புறப்படும் நேரத்தில் கைமாறிய ஒரு சிறுநூல் செய்த பணியை இங்கு நினைவுகூரலாம்.

பேராளர் அனைவரும் ஒரே நிலையினர் அல்லர். விருது பெற்ற பேராசிரியரும் வருவார். முதன்முறையாக ஆய்வு வழங்கும் மாணவியும் வருவார். முன்னவரை வரவேற்க மாலையுடன் பலர் நிற்பர். பின்னவர் தம் சுவரொட்டியைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி, யாரிடம் கேட்பது என்று அறியாமல் வாயிலில் தயங்குவார். அவருடைய குடும்பத்தில் கல்லூரியில் கால் வைத்த முதல் ஆள் அவராக இருக்கக்கூடும். ஆங்கிலத்தில் வினா எழுந்தால் விடை சொல்ல இயலுமோ என்ற அச்சமும் உடனிருக்கும். 'வாங்க, உங்கள் இடம் இதோ' என்று ஒருவர் அழைத்துச் செல்லும் அந்த ஒரு நொடி, அவர் அறிவியலில் தொடர்வதா விலகுவதா என்பதைத் தீர்மானிக்கலாம். மேடையில் இருப்போர் அவருடைய சுவரொட்டியின் முன் ஐந்து நிமிடம் நின்று கேட்பது, பொன்னாடையினும் மதிப்புடைய வரவேற்பாகும்.

வரவேற்புரையின் அமைப்பு

வரவேற்புரை ஆற்றுவோர் பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்ளுதல் நலம்.

1. அவையோரை உரிய வரிசையில் விளித்தல். ஒருவரையும் விடாது குறிப்பிடுதல்.
2. ஊரின் சிறப்பை மாநாட்டுப் பொருளோடு இணைத்துச் சுருக்கமாகக் கூறுதல்.
3. மாநாட்டின் நோக்கத்தை எடுத்துரைத்தல்.
4. சிறப்பு விருந்தினரின் பணியை உண்மையான தகவல்களுடன் அறிமுகம் செய்தல், மிகைப்புகழ்ச்சியைத் தவிர்த்தல்.
5. இளம் ஆய்வாளர்களையும் பின்னணியில் உழைப்போரையும் மறவாது குறிப்பிடுதல்.
6. குறித்த நேரத்திற்குள் முடித்தல். வரவேற்புரை வாயிலே தவிர, மண்டபம் அன்று.

மாதிரி வரவேற்புரை

(தேசிய வேதியியல் மாநாடு ஒன்று கடையநல்லூரில் நடைபெறுவதாகக் கொண்டு, கல்லூரி மாணவி ஒருவர் ஆற்றும் உரையாக அமைந்தது.)

"அவைத்தலைவர் அவர்களே! சிறப்பு விருந்தினராக வருகை தந்துள்ள பேராசிரியப் பெருமக்களே! பல மாநிலங்களிலிருந்து வந்துள்ள பேராளர்களே! எம்மை வழிநடத்தும் ஆசிரியர்களே! உடன்பயிலும் தோழர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இரவு முழுவதும் பயணம் செய்து, விடியற்காலையில் எங்கள் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கியபோது, மலைக்காற்று உங்களை முதலில் வரவேற்றிருக்கும். இப்போது எங்கள் முறை. வருக! வருக!

எங்கள் ஊரில் தறியின் ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாவு நூல் நீளவாட்டில் நிற்கும். ஊடைநூல் குறுக்கே ஓடும். இரண்டும் திசையால் வேறுபட்டவை. அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில்தான் துணி பிறக்கிறது. வெவ்வேறு திசைகளிலிருந்து வந்துள்ள நீங்கள் இங்குச் சந்திக்கிறீர்கள். இச்சந்திப்பிலிருந்து புதிய அறிவு நெய்யப்படும் என்று நம்புகிறோம்.

சாயமேற்றிய நூல் எங்களுக்கு வாழ்வளித்தது. சாயம் கலந்த நீர் எங்கும் நிலத்தையும் நிலத்தடி நீரையும் கெடுக்கக்கூடும் என்பதையும் அறிவோம். வாழ்வளிக்கும் தொழிலைக் கைவிடாமல் நீரைக் காக்கும் வழி என்ன? உங்கள் ஆய்வுகளில் அதற்கான விடையின் ஒரு துளியேனும் கிடைத்தால், எங்கள் ஊர் உங்களுக்கு என்றும் நன்றியுடையதாக இருக்கும்.

முதன்முறையாக ஆய்வு வழங்க வந்துள்ள தோழர்களே! உங்கள் படபடப்பு எங்களுக்கும் தெரியும். தமிழிலோ ஆங்கிலத்திலோ, உங்களுக்கு இயன்ற மொழியில் விளக்குங்கள். கேட்பதற்கு நாங்கள் இருக்கிறோம்.

விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய சமையற் பணியாளர்கள், அரங்கைத் தூய்மை செய்தோர், வண்டி ஓட்டியோர் அனைவரும் இவ்வரவேற்பில் பங்குடையோரே. அவர்கள் சார்பாகவும் உங்களை வரவேற்று அமர்கிறேன். வணக்கம்."

வாயில் அடையாத வீடு

வேதியியலில் வினை நிகழ வேண்டுமெனில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோத வேண்டும். உரிய ஆற்றலும் உரிய திசையமைவும் வேண்டும். தனித்தனிக் குடுவைகளில் வைத்த பொருள்கள் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் வினைபுரிவதில்லை. அறிஞரும் அவ்வாறே. அவர்கள் சந்திப்பதற்குக் களம் அமைத்து, தயக்கம் என்னும் தடையைத் தாழ்த்தித் தருவது வரவேற்பு. வினையூக்கி, வினை தொடங்கத் தேவையான ஆற்றலைக் குறைத்து, வினையின் முடிவில் தான் மாறாமல் நிற்கும். விருந்தோம்பும் ஊரோ, முடிவில் மாறாமல் நிற்பதில்லை. வந்தவர் விட்டுச்சென்ற அறிவால் வளர்ந்து நிற்கிறது.

சொல்லும் பொருளும்

பேராளர் – மாநாட்டில் பங்கேற்க வரும் சார்பாளர்
வனப்பு – அழகு
கவரி – விசிறப் பயன்படும் சாமரம்
கருதுகோள் – மெய்ப்பிக்கும்முன் கொள்ளப்படும் கருத்து
பாவு – தறியில் நீளவாட்டில் அமையும் நூல்
ஊடை – தறியில் குறுக்கே ஓடும் நூல்
கலயம் – சிறு மண்பானை

இலக்கணக் குறிப்பு

வருக! வருக! – அடுக்குத்தொடர்
நிலமும் நிலத்தடி நீரும் – எண்ணும்மை
அறியாத விருந்தினர் – எதிர்மறைப் பெயரெச்சம்
வந்தோர் – வினையாலணையும் பெயர்

பகுபத உறுப்பிலக்கணம்

வந்தனர் = வா (வ) + த் (ந்) + த் + அன் + அர்
வா – பகுதி. 'வ' எனக் குறுகியது விகாரம்
த் – சந்தி. 'ந்' ஆனது விகாரம்
த் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றைக் கண்டு, அதில் அமைந்துள்ள வேதியியல் மாற்றத்தை அத்தொழில் செய்வோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வரும் பிற பள்ளி மாணவர்களை வரவேற்று மூன்று நிமிட உரை ஆற்றுக.
3. வேதியியல் பாடநூலிலுள்ள பத்துக் கலைச்சொற்களைத் தேர்ந்து, அவற்றின் பொருள் சொல்லிலேயே விளங்குகிறதா என வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 'விருந்து' என்னும் சொல்லின் பழைய பொருள்
அ) உணவு ஆ) புதுமை இ) உறவு ஈ) விழா

2. பொருத்துக.
அ) கார்ல்ஸ்ரூ – 1) 1953
ஆ) கொல்கத்தா – 2) 1936
இ) பச்சையப்பன் கல்லூரி – 3) 1860
ஈ) காரைக்குடி – 4) 1914

குறுவினா

1. கார்ல்ஸ்ரூவில் வேதியியலார் கூடியதற்கான காரணம் யாது?
2. பனங்கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசப்படுவது ஏன்?
3. 'திண்ணை ரசாயனம்' என்னும் பெயர் உணர்த்தும் விழைவு யாது?

சிறுவினா

1. இந்திய அறிவியல் மாநாடு தோன்றிய வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
2. அவுரிச் சாயம் நூலிழையில் தங்கும் முறையை விளக்குக.
3. 'மொழியும் ஒரு வாயில்' – இத்தொடரை உங்கள் பட்டறிவோடு பொருத்தி விளக்குக.

நெடுவினா

1. முடிவு எட்டாத மாநாடும் அறிவியலுக்குப் பயன்தரும் என்பதைக் கார்ல்ஸ்ரூ நிகழ்வின்வழி நிறுவுக.
2. உங்கள் ஊருக்கு வரும் தேசிய மாநாட்டுப் பேராளர்களை வரவேற்க ஊர்ச்சிறப்புடன் கூடிய வரவேற்புரை ஒன்று உருவாக்குக.